வேலியில்லாத கேம்ப்பில் மூன்று இரவு: மசாய் நிலத்தில் தங்கப்போகும் குடும்பத்துக்கு

கேள்வி இதுதான்: "ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யா போகிறோம். பெரிய லாட்ஜ் வேண்டாம், மசாய் மாரா பக்கம், மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் சொந்த நிலத்தில் எட்டுப் பத்துக் கூடாரம் மட்டும் போட்டிருக்கும் சின்ன கேம்ப்பில் மூன்று இரவு தங்க ஆசை. அம்மாவுக்கு 68 வயது, பையனுக்கு 13. எல்லோரும் சைவம். வேலிகூடக் கிடையாது என்கிறார்கள், பயமில்லையா? லாட்ஜைவிட விலை ஏன் இவ்வளவு? மசாய் குடியிருப்புக்குப் போவது மனிதர்களை வேடிக்கை பார்ப்பது போல ஆகிவிடாதா?"

தாராளமாகப் போங்கள். நைரோபியில் ஆறு வருடம் தணிக்கை வேலையில் இருந்தேன். லீவு கிடைத்தால் மாராதான். பெரிய லாட்ஜ், சின்ன கேம்ப் இரண்டிலும் தங்கியிருக்கிறேன், இரண்டிலும் ஏமாந்தும் இருக்கிறேன். முதல் தடவை போட்டோவைப் பார்த்து ஒரு இடத்தைப் பிடித்தேன். பெயரில் மசாய் இருந்தது, படத்தில் ஒரு கூடாரமும் ஒரு சிவப்புப் போர்வைக்காரரும் இருந்தார்கள். போய் இறங்கினால் ரிசர்வ் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்பது கூடாரம் வரிசையாக நிற்கிறது. சுற்றிக் கம்பி வேலி, பத்து மணிவரை ஜெனரேட்டர், பஃபே வரிசை. கல்யாண மண்டபத்துக்குக் கேன்வாஸ் போர்த்தியது போல இருந்தது. மசாய் என்று அங்கே இருந்தவர்கள் வாட்ச்மேனும், சாயங்காலம் வந்து குதித்து ஆடிவிட்டுப் போன எட்டு இளைஞர்களும்தான். அதற்குப் பிறகு எந்த கேம்ப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "அது யாருடைய நிலத்தில் இருக்கிறது?" என்பதுதான். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாரா என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை நிலம் அடங்கும். ஒன்று, மசாய் மாரா தேசிய ரிசர்வ். நாரோக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அரசின் கையில் இருக்கும் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அதற்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. இன்னொன்று, அதன் வடக்கிலும் கிழக்கிலும் ஒட்டிக் கிடக்கும் மசாய் குடும்பங்களின் பட்டா நிலம். நடுவில் வேலியோ சுவரோ இல்லை. சிங்கத்துக்கும் வரிக்குதிரைக்கும் இந்தப் பாகுபாடு தெரியாது. நீங்கள் தேடுகிற சின்ன கேம்ப்புகளில் நல்லவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை நிலத்தில் இருக்கின்றன.

இந்தப் பட்டாவுக்குப் பின்னால் கொஞ்சம் கசப்பான கதை உண்டு. ஆங்கிலேயர்கள் 1904இலும் 1911இலும் போட்ட இரண்டு உடன்படிக்கைகளால் மசாய்கள் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலத்தையும், பிறகு வடக்கே லைக்கிப்பியாவையும் இழந்து தெற்கே ஒதுக்கப்பட்டார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1913இல் வழக்கு தள்ளுபடியானது. இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை மாதிரி, இதை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். நிலத்தைப் பிடுங்கும்போது பிரஜை, வழக்குப் போடும்போது அந்நிய நாட்டான்! சுதந்திரத்துக்குப் பிறகு 1968இல் வந்த சட்டம் பொது மேய்ச்சல் நிலத்தைக் குழுக்களின் பேரில் பதிந்தது. அந்தக் குழு நிலங்களையும் பின்னாளில் பங்கு பிரித்தார்கள். மாராவை ஒட்டிய சில பகுதிகளில் ஒரு குடும்பத்துக்குச் சுமார் 150 ஏக்கர் வந்தது.

தனித்தனிப் பட்டா கைக்கு வந்ததும் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் வேலி போடுவார், ஒருவர் விற்பார், ஒருவர் ரோட்டோரம் கடை கட்டுவார். மனிதர்களுக்கு அது நியாயம்தான். ஆனால் மாடும் காட்டு விலங்கும் மழையைத் துரத்திக்கொண்டு நடந்து பிழைக்கிற ஊரில், குறுக்கே ஒரு வேலி விழுந்தால் பிழைப்பே அறுந்துபோகும். அதற்கு மாற்றாக வந்ததுதான் கன்சர்வன்சி என்கிற ஏற்பாடு. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, தங்கள் நிலத்தை ஒன்றாக வைத்து நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஓல் கின்யேய் 2005இல் வந்தது, மாரா நார்த் 2009இல், நபோய்ஷோ 2010இல். நபோய்ஷோ என்றால் மசாய்களின் மா மொழியில் ஒன்றுகூடுதல். அங்கே மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட நிலக்காரர்கள், சுமார் 50,000 ஏக்கர். 2013இல் வந்த வனவிலங்குச் சட்டம் இந்த ஏற்பாட்டைச் சட்டப்படி அங்கீகரித்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது குத்தகைப் பணம் போகும் விதம். கேம்ப்பில் விருந்தாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏக்கர் கணக்கில் நிலக்காரருக்கு மாதாமாதம் பணம் போக வேண்டும். ஏப்ரல் மழையில் கூடாரமெல்லாம் காலியாகக் கிடக்கும்போதும் போக வேண்டும். அதே சமயம் கூடாரங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறது. நபோய்ஷோவில் சுமார் 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது கணக்கு. நம் ஊரில் ஒரு சிறிய கிராமத்தின் நஞ்சை முழுவதையும் வாடகைக்கு எடுத்து, அதன் நடுவில் ஒரே ஒரு அறை கட்டி விடுவது போல. அந்த வாடகை யார் தலையில் விழும்? உங்கள் தலையில்தான். ஒருவருக்கு ஒரு இரவுக்கு முந்நூறு டாலரில் ஆரம்பித்து எண்ணூறு, ஆயிரம் என்று போகும் விலையில் சாப்பாடு, ஜீப், கைடு எல்லாம் அடங்கும். கன்சர்வன்சி கட்டணம் சில இடங்களில் அதற்குள்ளேயே இருக்கும், சில இடங்களில் தனி. மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரில் இருப்பதால் குத்தகையும் ஆண்கள் கைக்கே போகிறது. பங்கு பிரித்தபோது பெயர் சேராதவர்களுக்கு ஒன்றுமில்லை. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது பல இடங்களில் குத்தகையைக் குறைக்க வேண்டிவந்தது. ஆனாலும் நான் கணக்குப் பார்த்த அளவில், சுற்றுலாப் பணம் நிலக்காரர் வீட்டுக்கு இவ்வளவு நேராகப் போய்ச் சேர்கிற வழி மாராவில் வேறு இல்லை.

ஆகவே கேம்ப் தேடும்போது குளியல் தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு மெயிலில் சில விஷயங்களைக் கேளுங்கள். எந்த கன்சர்வன்சியில் இருக்கிறீர்கள், நிலக்காரர்களோடு குத்தகை உண்டா, கைடுகள் அந்த ஊர்க்காரர்களா. கைடைப் பற்றிக் கேட்பது ரொம்ப முக்கியம். கென்யாவில் சஃபாரி கைடுகளுக்குத் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் சான்றிதழ் தரும் சங்கம் ஒன்று இருக்கிறது. மாராவை ஒட்டிய கொயாக்கி பகுதியிலேயே 2005 முதல் உள்ளூர் மசாய் இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுவிக்கும் கைடுப் பள்ளியும் உண்டு. அங்கே படித்த ஒருவர் கிடைத்தால் உங்கள் பையன் ஜீப்பை விட்டு இறங்கவே மாட்டான். இந்தக் கேள்விகளுக்கு நல்ல கேம்ப் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதும். ஏமாற்றுகிற இடம் திரும்பவும் நீச்சல்குளம் போட்டோவை அனுப்பும்.

சரி, வேலி. கிடையாதுதான். யானையும் எருமையும் கேம்ப்புக்குள் நடந்து போகும். அதற்கென்று ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு யாரும் தனியாக நடக்கக் கூடாது. சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போகவும் வரவும் அஸ்காரி என்கிற காவலாள் துணைக்கு வருவார். பெரும்பாலும் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த மசாய்தான். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஈட்டி, தோளில் ஷுக்கா என்கிற சிவப்புப் போர்வை.

ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். கூடாரம் இருபது அடி தூரத்தில் தெரிகிறது. முன்னால் போன அஸ்காரி சட்டென்று நின்று, திரும்பாமலேயே இடது கையைப் பின்னால் நீட்டி விரலை விரித்தார். டார்ச்சைத் தரையை நோக்கித் தாழ்த்தினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேலமரக் கிளை ஒடிகிற சத்தம் மட்டும். பிறகுதான் எங்கள் கூடாரத்தின் பக்கவாட்டில் கறுப்பாக நின்றது நிழல் இல்லை என்று புரிந்தது. யானை. மரத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. வயிற்றுக்குள் தண்ணீர் உருளுவது மாதிரி ஒரு சத்தம்கூடக் கேட்டது. அஸ்காரி மெதுவாக எங்களைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு போய் மறுபடி சாப்பாட்டுக் கூடாரத்தில் உட்கார வைத்தார். டீ வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, "போய்விட்டது, வாருங்கள்" என்றார். அவ்வளவுதான். விரட்டவில்லை, சத்தம் போடவில்லை. யானைக்குச் சாப்பாட்டு நேரம், நாங்கள் காத்திருந்தோம்.

கூடாரத்துக்குள் போய் ஜிப்பை மூடிவிட்டால் பொதுவாகக் கேன்வாஸைக் கிழித்துக்கொண்டு எதுவும் வராது. விலங்குகளுக்கு அது ஒரு பாறை மாதிரி. வராமல் இருக்க நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உள்ளே தின்பண்டம் வைக்காதீர்கள். என் பையில் ஒரு முறுக்குப் பொட்டலம் இருந்ததைப் பகலில் ஒரு குரங்கு மோப்பம் பிடித்து, ஜிப்பைத் தானே திறந்து, கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. மெத்தை முழுக்க எள். ராத்திரியில் ஏதாவது அவசரம் என்றால் விசிலோ ரேடியோவோ தருவார்கள். கழிப்பறை கூடாரத்தை ஒட்டி உள்ளேயே இருக்கிறதா என்று மட்டும் அம்மாவுக்காகக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் இருக்கிறது. தனியாக வெளியே இருக்கும் கேம்ப்பும் உண்டு, அது உங்களுக்கு வேண்டாம்.

முதல் ராத்திரி தூக்கம் வராது. அதையும் சொல்லிவிடுகிறேன். கழுதைப்புலி கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்து மேலே இழுக்கும் ஓலம், மரத்தில் ஹைராக்ஸ் என்கிற முயல் அளவு பிராணி யாரோ கழுத்தை நெரிப்பது போலப் போடும் கூச்சல், இதெல்லாம் புதுசு. சிங்கத்தின் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் தூரம்வரை கேட்கும். பக்கத்தில் கேட்பது போலத் தோன்றும்போதே அது அடுத்த மேட்டுக்கு அப்பால் இருக்கலாம். காலையில் கைடிடம் எங்கே கத்தியது என்று கேட்டால் திசையைக் காட்டுவார். பல நாள் ஜீப் முதலில் போவதும் அந்தத் திசையில்தான்.

குளிர்தான் நம் ஆட்கள் எதிர்பார்க்காத விஷயம். ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டையாக எடுத்துக்கொண்டு போவோம். மாரா கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆகஸ்ட் விடியற்காலையில் 12 டிகிரிக்கும் கீழே போகும், அதிலும் திறந்த ஜீப்பில் காற்று. அம்மாவுக்கு ஸ்வெட்டர், சால்வை, குல்லா, சாக்ஸ் எல்லாம் வேண்டும். ராத்திரி போர்வைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைத்துவிட்டுப் போவார்கள். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கால் நீட்டிய என் மனைவி, வெதுவெதுப்பாக, மெத்தென்று ஏதோ பாதத்தில் பட்டதும் போட்ட சத்தத்தில் அஸ்காரியே ஓடி வந்தார். நீல நிறமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈக்குப் பிடித்த நிறங்கள் அவை. கடித்தால் ஊசி குத்தியது போல இருக்கும். நைரோபியிலிருந்து போகும் சிறிய விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரம் வைத்த பெட்டி கூடாது, துணிப்பைதான். பாலித்தீன் பையில் பொருளைச் சுற்றி எடுத்துப்போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2017இலிருந்து கென்யாவில் அதற்குத் தடை.

விமானமா ரோடா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரோடு என்றால் ஐந்து ஆறு மணி நேரம், ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் இறங்கும் காட்சி அருமை, ஆனால் கடைசிக் கொஞ்ச தூரம் முதுகெலும்பை எண்ணிவிடும். அம்மாவோடு என்றால் நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் பறந்துவிடுங்கள். புல் முளைத்த ஓடுபாதையில், சில நாள் வரிக்குதிரையை விரட்டிவிட்டுத்தான் இறக்குவார்கள்.

குளியல் வாளிக் குளியல்தான். இத்தனை மணிக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டால் விறகில் காய்ச்சிய தண்ணீரை இருபது லிட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, கூடாரத்துக்குப் பின்னால் கயிறு கட்டி மேலே ஏற்றிய பையில் ஊற்றுவார்கள். சங்கிலியை இழுத்தால் கொட்டும். சோப்பு போடும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண் எரிச்சலோடு நின்று கூப்பிட வேண்டியதுதான். நம்மில் வாளியும் சொம்புமாக வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அம்மா ஒரு வாளியையும் மக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், சந்தோஷமாகத் தருவார்கள். மின்சாரம் சூரிய ஒளியில். போன் சார்ஜ் பெரும்பாலும் சாப்பாட்டுக் கூடாரத்தில்.

சைவச் சாப்பாட்டுக்குக் கென்யாவில் கவலையே வேண்டாம். இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நூறு வருடத்துக்கு மேலாக அங்கே இருப்பதால் சப்பாத்தியும் சமோசாவும் உள்ளூர்ச் சாப்பாடாகவே மாறிவிட்டன. சுவாஹிலியில் பெயரும் சப்பாத்தி, சம்பூசாதான். பச்சைப்பயறை டெங்கு என்று குழம்பாக வைப்பார்கள், பெயரைக் கேட்டு பயந்துவிடாதீர்கள். சுக்குமா விக்கி என்று ஒரு கீரை வதக்கல், கூடவே உகாலி என்கிற சோளமாவுக் களி. நம் ராகிக்களி சாப்பிட்டவர்களுக்கு உகாலி உடனே பிடித்துவிடும். முன்பதிவிலேயே இறைச்சி, மீன், முட்டை என்று தனித்தனியாக எழுதி வேண்டாம் என்று சொல்லுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் கேக்கில் முட்டை வந்துவிடும். தயிருக்கு மாலா என்று கேளுங்கள். கெட்டியான புளித்த பால், நைரோபிக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும். ம்வேயாவில் விளையும் வாசனையான பிஷோரி அரிசிச் சோற்றில் அந்த மாலாவைப் பிசைந்து, கையோடு கொண்டுபோன மாவடுவைத் தொட்டுக்கொண்டு நான் சாப்பிட்டதைப் பார்த்த சமையல்காரர், மறுநாள் தானும் ஒரு கிண்ணம் பிசைந்து பார்த்தார். ஊறுகாயைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அந்த மாவடு பாட்டிலைச் சாப்பாட்டுக் கூடாரத்திலேயே கொடுத்து வைத்துவிட்டேன், குரங்குக் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா.

லாட்ஜில் கிடைக்காமல் இங்கே கிடைப்பது நடை. ரிசர்வுக்குள் வண்டியை விட்டு இறங்க முடியாது, பாதையை விட்டு விலக முடியாது, ராத்திரி சுற்ற முடியாது. கன்சர்வன்சியில் இந்த மூன்றுமே உண்டு. நடைக்குப் பொதுவாக 12 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள், பையன் தப்பித்தான். நடையில் சிங்கம் பார்க்கப் போவதில்லை, பார்க்காமல் இருப்பதே நல்லது. நடையில் பார்ப்பது மண்ணை. விசில் வேலம் என்று ஒரு குட்டை வேலமரம். முள்ளின் அடியில் கோலிக்குண்டு அளவு கறுப்பு முடிச்சு, அதில் எறும்பு துளைத்த ஓட்டை. காற்று அடித்தால் மரமே விசிலடிக்கும். கிளையை லேசாகத் தட்டினால் எறும்புப் படை வெளியே வரும், ஒட்டகச்சிவிங்கி அங்கே அதிக நேரம் மேயாததற்கு அதுதான் காரணம். லெலேஷ்வா என்று சாம்பல் பச்சை நிறப் புதர், இலையைக் கசக்கினால் அப்படியே கற்பூர வாசனை. வியர்வை நாற்றத்துக்கு அந்த இலையை அக்குளில் வைத்துக்கொள்வார்களாம். எங்கள் கைடு செய்தும் காட்டினார். பல் தேய்க்கக் குச்சி ஒடித்துக் கொடுத்தபோது, ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று எங்கள் ஊரில் சொல்வோம் என்றேன். "வேல் எது?" என்று கேட்டார். அவர் சாய்ந்து நின்ற மரத்தைக் காட்டினேன்.

நடையில் மாட்டு மந்தையும் எதிரே வரும். சிலர் இதற்கு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். காட்டைப் பார்க்கக் காசு கொடுத்தால் மாடு வருகிறதே என்று. மாடு அங்கே அத்துமீறி வரவில்லை. எந்த மாதம் எந்தப் பகுதியில் மேய்க்கலாம் என்று கன்சர்வன்சி முறை வைத்து விடுகிறது. மாடு மேய்ந்து புல் கட்டையாக இருக்கும் இடத்துக்குத்தான் வில்டபீஸ்ட் என்கிற பெரிய மானினமும் கசெல் மான்களும் விரும்பி வருகின்றன, புலி சிறுத்தைக்குப் பயந்து நீளப் புல்லுக்குள் போவதில்லை. அடடா, புலி என்று எழுதிவிட்டேன். நம் ஊர்ப் பழக்கம். ஆப்பிரிக்காவில் புலி கிடையாது, சிங்கமும் சிறுத்தையும்தான். சாணம் இன்னொரு கதை. பழைய பட்டி இருந்த இடத்தில் மற்ற இடங்களைவிடப் புல் செழிப்பாக இருக்கும். நம் ஊரில் வயலில் கிடை போடுவார்களே, அதேதான். நாரோக் பகுதியில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் மேய்ப்பர்கள் பட்டி போட்ட இடங்களைத் தோண்டிப் பார்த்து, அந்த மண்ணில் இன்றும் சத்து மிச்சம் இருப்பதை 2018இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மனிதன் கை படாத காடு என்று விளம்பரத்தில் வரும் அந்தப் புல்வெளியில் மாட்டுக்காரனின் பங்கும் இருக்கிறது.

உங்கள் பையனுக்கு ஒன்று. நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டிய வீட்டில் ராத்திரி சிங்கம் வந்து மாட்டை அடித்துக்கொண்டிருந்தபோது, ரிச்சர்ட் டுரேரே என்கிற மசாய்ச் சிறுவன் பழைய கார் பேட்டரி, சூரியத் தகடு, மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர், டார்ச் பல்புகள் இதையெல்லாம் சேர்த்து, யாரோ டார்ச்சோடு நடமாடுவது போல மாறி மாறி மின்னும் விளக்கைப் பட்டியைச் சுற்றிக் கட்டினான். அப்போது அவனுக்கு வயது 11. இந்த மாதிரி விளக்கு இப்போது கென்யாவில் பல பட்டிகளில் எரிகிறது. கைடிடம் கேட்டால் பக்கத்தில் ஒன்று இருந்தால் காட்டுவார்.

இனி நீங்கள் தயங்கிய விஷயம். மசாய் குடியிருப்புக்குப் போவது. தயக்கம் சரிதான். ரோட்டோரம் சுற்றுலாவுக்கென்றே நடக்கும் சில குடியிருப்புகளில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, வரிசையாகக் குதித்துக் காட்டி, கடைசியில் மணிமாலை விற்கும் மைதானத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் கட்டணத்தில் பெரும்பங்கு டிரைவருக்குப் போய்விடும் இடங்களும் உண்டு. நான் ஒருமுறை போய்விட்டு, இரண்டு பக்கமும் சங்கடப்பட்டு நின்றதுதான் மிச்சம்.

சின்ன கேம்ப்பில் வேறு வழி இருக்கிறது. கேம்ப்பில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டுக்கு, அவர் கூப்பிட்டு, அவரோடு போவது. எங்கள் கைடு அப்படி அவருடைய அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனார். மனியாட்டா என்று எல்லோரும் சொன்னாலும் அது இளைஞர்களான மொரான்கள் தங்கும் இடத்துக்கான பெயர், குடும்பங்கள் வாழும் இடம் எங்காங். முள்வேலி வட்டம், நடுவில் மாட்டுப் பட்டி, ஓரமாக வீடுகள். வீட்டைக் கட்டுவது பெண்கள். கிளைகளைப் பின்னி மண்ணும் சாணமும் பூசியது. இப்போது தகரக் கூரையும் நிறைய வந்துவிட்டது. குனிந்து உள்ளே போனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அடுப்புப் புகைதான். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டில், ஒரு கன்றுக்குட்டி, சுவரில் தொங்கும் சுரைக்குடுக்கைகள் என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அந்த அம்மா குடுக்கையிலிருந்து பால் ஊற்றித் தந்தார். காட்டு ஆலிவ் மரக் கொள்ளியால் குடுக்கையின் உள்பக்கத்தைத் தீய்த்துச் சுத்தம் செய்வார்கள், அதனால் பாலில் புகை வாசனை. எனக்கு அடிப்பிடித்த பால் ஞாபகம் வந்தது, ஆனால் நன்றாகவே இருந்தது. காய்ச்சாத பால் உங்களுக்கு வேண்டாம் என்றால் டீ என்று சொல்லுங்கள், நிறையப் பாலும் சர்க்கரையும் போட்டு வரும். பிறகு அவருடைய கவனம் என் மனைவியின் கழுத்துக்குப் போனது. தாலிக்கொடியைக் கையில் எடுத்துப் பார்த்து மகனிடம் ஏதோ கேட்டார். கல்யாணமானவர்கள் போடுவது என்று மகன் மொழிபெயர்த்ததும், தன் காதுப் பக்கம் தொங்கிய சுருள் கம்பி வேலைப்பாட்டைத் தூக்கிக் காட்டினார். சுருட்டியா என்று பெயர், அதுவும் கல்யாணமான பெண்கள் அணிவது. அப்புறம் இருவரும் என்ன எடை, என்ன விலை, யார் போட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். மொழிபெயர்க்க முடியாமல் கைடு திணறினார். நானும் அவரும் வெளியே வந்து கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று அங்கே வேடிக்கைப் பொருளாக இருந்தது யார் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

சில பழக்கங்களைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. "சோபா" என்று சொன்னால் "ஏபா" என்று பதில் வரும். நன்றிக்கு "ஆஷே ஓலெங்". பெரியவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் தலையைக் குனிந்து நிற்பார்கள், பெரியவர்கள் உள்ளங்கையை அந்தத் தலையில் வைப்பார்கள். உங்கள் பையனிடம் சொல்லி வையுங்கள், குனிந்தால் கிழவர்கள் முகம் மலர்ந்துவிடும். மாடு எத்தனை, பிள்ளை எத்தனை என்று எண்ணிக் கேட்காதீர்கள். கண் பட்டுவிடும் என்கிற எண்ணம் அங்கேயும் உண்டு. எத்தனை என்று தெரியாமலா இருக்கிறார்கள், ஒவ்வொரு மாட்டையும் நிறத்தையும் கொம்பையும் வைத்து அறிவார்கள், ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும். கேட்காமல் போட்டோ வேண்டாம். மிட்டாயும் பேனாவும் பிள்ளைகளுக்கு விநியோகம் செய்ய வேண்டாம். மணிமாலை பிடித்திருந்தால் செய்த பெண்ணின் கையிலேயே காசைக் கொடுத்து வாங்குங்கள். குத்தகைப் பணம் ஆண்கள் கைக்குப் போகிறது என்று சொன்னேன் இல்லையா, மணிமாலைப் பணம் பெண்களுடையது.

ஆகஸ்ட் என்பதால் ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் கூட்டத்தைப் பார்க்க ஆசை இருக்கும். அதற்கு ரிசர்வுக்குள் போக வேண்டும். 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர்வரை வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் தனிக் கட்டணம், அதுவும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான். ஒரே ஒரு நாள் போய்வாருங்கள். கரையில் நாற்பது ஜீப் நிற்கும், விலங்குகள் இறங்கலாமா வேண்டாமா என்று மூன்று மணி நேரம் யோசிக்கும், சில நாள் திரும்பியே போய்விடும். அம்மா அன்றைக்குக் கேம்ப்பிலேயே ஒரு நாற்காலியும் பைனாகுலரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அநேகமாக அவர்தான் அதிகம் பார்த்திருப்பார்.

டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போடுகிறவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல். அதனால் அம்மாவை முதலில் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். டாக்டர் சரி என்ற பிறகு கேம்ப்புக்கு முன்பணம் அனுப்புங்கள்.